மாடிக் கொடியில் தொங்கும் போன்

என்னங்க,

உங்களுக்குப் போன் அடித்து அடித்து என் விரல்தான் தேய்ந்தது. அதனால் எழுதிவைத்துவிட்டுப் போகிறேன். இதற்கு டவர் வேண்டாம்.

நம் அறிவுமதிக்குக் காலையிலேயே பிரசவ வலி எடுத்துவிட்டது. ஸ்ரீரங்கத்தில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள். நான் ஆட்டோவில் கிளம்புகிறேன்.

வீட்டுக்குள் டவர் எடுக்கவில்லை என்று அந்தப் பழைய பட்டன் போனை மஞ்சள் பையில் போட்டு, மொட்டைமாடித் துணிக் கொடியில் கிளிப் போட்டு மாட்டிவிட்டு, நீங்கள் பாட்டுக்குப் பொன்மலைக்கு டூட்டிக்குப் போனால் அதை யார் எடுப்பது? காக்காயா? "இந்த செட்டுக்கு இனிமே டவர் சரியா கிடைக்காது சார்" என்று சொன்ன கடைக்காரரோடும் சண்டை. பொங்கலுக்கு நான் வாங்கிய புதுப் போன் பீரோவில் டப்பாவோடு தூங்குகிறது.

சாதம் ஹாட்பாக்சில் இருக்கிறது. ரசத்தைச் சூடு பண்ணிக்கொள்ளுங்கள். கிளம்பும்போது சாவியை மறுபடி பக்கத்து வீட்டு விஜயராணி அக்காவிடமே கொடுங்கள்.

இன்னொன்று. சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தேன். அறிவுமதி கல்யாணத்திலிருந்து நீங்கள் அவளோடு பேசி இரண்டு வருஷம் ஆகிறது. வலி எடுத்ததும் அவள் முதலில் கூப்பிட்டது என்னை இல்லை, உங்களை. ஆறு தடவை.

"அப்பா வேணும்னேதான் எடுக்கல, இல்லம்மா?" என்று அழுகிறாள். போன் கொடியில் தொங்குகிறது என்றேன். நம்பவில்லை.

மாடியில் நின்று அவளுக்குப் போன் பண்ணாதீர்கள். நேரில் வாருங்கள். அந்தப் போனையும் பையோடு, கிளிப்போடு அப்படியே எடுத்து வாருங்கள். பார்த்தால்தான் நம்புவாள்.