சந்தை மீனில் செய்த சவ்வு

செவ்வாய், இரவு.

பல் சிகிச்சையில் எலும்பு வளர ஈறுக்குள் வைக்கும் கொலாஜன் என்ற புரதச் சவ்வைப் பன்றித் தோலில் செய்தால் எங்கள் ஊரில் பாதிப் பேர் வேண்டாம் என்பார்கள். அதனால்தான் மீன் தோலில் செய்கிறேன். உவரிக் கடற்கரையில் படகிலிருந்து நேரே வாங்கிய மீனின் சவ்வில், ஆய்வகத்தில் எலும்புச் செல்கள் நன்றாக வளர்ந்தன. சந்தை மீனின் சவ்வில் இன்று எல்லாம் செத்துக் கிடந்தன. மிச்சத் தோலைச் சோதித்தேன். பார்மலின். பிணம் கெடாமலிருக்கப் போடும் மருந்து.

நேரே அந்த மீனை வாங்கிய கடைக்குப் போனேன்.

"அண்ணாச்சி, மீன்ல என்னத்தத் தெளிக்கீய?"

"ஐஸுதாம்லே. வேற என்ன?"

"பொய். என் செல்லெல்லாம் செத்துப்போச்சு."

அவர் சிரித்தார். "அதுக்கு நான் என்ன செய்ய? ஒங்க உம்மா தெனமும் இங்கனதாம் வாங்குதாவ. நல்லாத்தான இருக்காவ? போலே, சோலியப் பாரு."

வீட்டில் அதே கடையில் வாங்கிய சீலா மீன் குழம்பு. அக்கா தன் பிள்ளைக்கு முள் எடுத்து ஊட்டிக்கொண்டிருந்தாள். தட்டைப் பிடுங்கினேன். பிள்ளை வீறிட்டது. காரணத்தைச் சொன்னேன். உம்மா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இத்தன வருசமாத் தின்னத என்னலே செய்ய?"

குழம்பைக் கொட்டினேன். பிள்ளை பாதிக்கு மேல் தின்றிருந்தது.

இப்போது பக்கத்தில்தான் தூங்குகிறது. மூச்சு சீராகத்தான் இருக்கிறது.