டம்ளரின் வாய்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? பல்லடத்தில் மழை உண்டா?

இங்கே பரோடாவில், ஓவிய வகுப்புக்காகத் தினமும் உருளை வடிவம் வரைகிறேன். அப்பா தவறியபின் நான் எடுத்துவந்த அவருடைய காபி டம்ளர்தான் மாதிரி. டம்ளரின் வாய் கண் மட்டத்தில் இருந்தால் வெறும் கோடாகத் தெரியும். பார்க்கும் கண் உயர உயர நீள்வட்டமாக விரியும்.

நான் தரையில் உட்கார்ந்து, குட்டை மேசைமேல் கண்ணுக்கு நேராக வைத்துத்தான் வரைகிறேன். ஆனால் ஒரு வாரமாகக் கை அகன்ற நீள்வட்டமே போடுகிறது.

"ஏனம்மணி, நின்னுட்டா வரைஞ்சே?" என்று சிரித்தாள் அறைத்தோழி மிஸ்பா, நம்ம கோயமுத்தூர்க்காரி.

நேற்று அதே இடத்தில் நின்று பார்த்தேன், பொருந்தவில்லை. குட்டை முக்காலியில் ஏறியபோதுதான் டம்ளரும் படமும் ஒன்றாயின. அப்போது என் கண் தரையிலிருந்து ஐந்தடி ஆறங்குலம். பயமெல்லாம் இல்லைங்கம்மா.

மிஸ்பா ஊருக்குப் போய்விட்டாள். பருப்புப்பொடி கொஞ்சம் அனுப்புங்கள். அப்பா சாய்ந்து நின்று காபி குடிக்கும் சுவரில், அவர் கண் உயரத்தில் தலையெண்ணெய்க் கறை இருக்குமே, அதன் உயரத்தை டேப் வைத்து அளந்து பாருங்கள். ஐந்தடி ஆறங்குலம் இல்லையென்றால் மட்டும் எழுதுங்கள்.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது.

இனியா