உள்ளே ஆள் இல்லை

வியாழன் 11:20. ஆக்சிஜன் 20.9

மின்விசிறி 7இல் இரைச்சல். பேரிங் மாற்றினேன். மண்டப வெப்பம் 24 பாகை. கசிவு இல்லை. நாளையிலிருந்து நாலு நாள் விடுமுறை.

எழுதுபவர்: கந்தப்பு குலவீரசிங்கம், பராமரிப்பு. வயது 66. படித்த இடம்: இல்லை. காரைநகரில் ரேடியோ திருத்தினேன்; மிச்சத்தை இங்கே கழற்றிப் பார்த்துக் கற்றேன்.

கணினியில் எழுதும் பதிவு தனி. இது பென்சிலால் எழுதும் என் சொந்தக் கொப்பி. ஏன் சொந்தக் கொப்பி என்பதைப் பின்னால் எழுதுகிறேன்.

வியாழன் 12:35. ஆக்சிஜன் 20.9

என் உதவியாள் தயாபரனின் வேலை ஒப்பந்தம் இன்று நண்பகலோடு முடிந்தது. சரியாகப் பன்னிரண்டு மணிக்கு அவனுடைய கதவு அட்டை செத்தது. உள்ளே இருப்பவர் கணக்கிலிருந்தும் அவன் பெயர் போய்விட்டது. ஆளோ கேபிள் சுருளோடு என் முன்னால் நிற்கிறான். ஒப்பந்தங்களைப் பார்க்கும் கந்தோரின் இலட்சணம் இது. புது அட்டைக்கு இரண்டு நாட்டின் கையெழுத்தும் வேண்டும். அவனுக்கு 12:50க்கு ரயில்.

என் அட்டையைக் கொடுத்து அனுப்பினேன். வெளிக்கதவிலிருந்து இண்டர்கொம்மில் பேசினான்:

"அண்ணை, உங்கட கார்டை வாசல் பெட்டிக்குள்ள போட்டிட்டன். நீங்கள் எப்பிடி வெளிய வருவியள்?"

"உன்ர செத்த கார்டுக்கு உயிர் குடுத்துக்கொண்டு வருவன். நீ ரயிலைப் பிடி."

"ஏலாட்டி?"

"எனக்கு ஏலாத கதவை இந்த ரெண்டு நாட்டுக்காரரும் இன்னும் செய்யேல்லை."

"உங்கட வீம்புக்கு ஒருநாளாவது லீவு குடுங்கோ அண்ணை. சரி, போயிட்டு வாறன்."

வியாழன் 13:50. ஆக்சிஜன் 20.9

அட்டை திருந்தவில்லை. சிப்பில் பழுது இல்லை, பெயரையே அழித்திருக்கிறார்கள். அதற்கு நான் பொறுப்பில்லை.

வருகிறவர்களுக்காக இந்த இடத்தை விளக்கி வைக்கிறேன். ஆல்ப்ஸ் மலையின் அடியில் ஒரு மண்டபம். தரையில் மஞ்சள் கோடு. கோட்டுக்கு மேற்கே ஒரு நாடு, கிழக்கே இன்னொரு நாடு. நாடுகளின் பெயரை எழுதமாட்டேன். பதினொரு வருடத்தில் இரண்டும் என் பெயரை முழுதாக எழுதியதில்லை. "மிஸ்டர் குலா" தான். மேற்கு நாட்டின் செயற்கை நுண்ணறிவுக்குப் பெயர் மிரெல், கிழக்கு நாட்டினுடையதற்கு டோர்ன். ஒத்துழைப்பு ஒப்பந்தப்படி இரண்டும் ஒரே குகையில் இருக்கின்றன. ஒரு நாடு தன் இயந்திரத்தைக் களவாக எடுத்துப் போய்விடும் என்று மற்ற நாட்டுக்குப் பயம். ஆகவே மிரெலும் டோர்னும் ஒத்துக்கொண்டால்தான் கதவு திறக்கும். அவசரப் பொத்தானும் அவற்றிடம்தான் போகிறது.

கமரா கிடையாது. ஒருவர் இயந்திரத்தை மற்றவர் கமரா பார்க்கக்கூடாது என்று சண்டை பிடித்தார்கள். கழற்றியவன் நான்.

தொலைபேசி போன வருடம் போய்விட்டது. கைபேசி வாசல் பெட்டியில். மூச்சு முகமூடிகள் சோதனைக்குப் போயிருக்கின்றன. மூன்றைப் பற்றியும் முறைப்பாடு எழுதினேன். இண்டர்கொம் வெளிக்கதவு வரைதான்; அங்கே இப்போது யாரும் இல்லை.

வியாழன் 14:05. ஆக்சிஜன் 20.1

தொடங்கிவிட்டது. ஆள் இல்லாத நாட்களில் தீப்பிடிக்காமல் இருக்க, நைதரசனை விட்டு ஆக்சிஜனைக் குறைப்பார்கள். மாலைக்குள் ஒன்பதுக்கு இறக்குவார்கள். பன்னிரண்டுக்குக் கீழே மனிதன் ஒழுங்காக யோசிக்கமாட்டான்.

அவசரப் பொத்தானை அழுத்தினேன். பராமரிப்புத் திரையில் தட்டச்சு செய்து அனுப்பினேன்: "மண்டபத்தில் ஆள் இருக்கிறேன். குறைப்பை நிறுத்திக் கதவைத் திற."

மிரெலின் பதில்: "கணக்குப்படி உள்ளே ஆள் இல்லை. பயிற்சி 41 பதிவாகிறது. நல்ல தொடக்கம்." என் அட்டை வெளியே போனதால் கணக்கில் நானும் வெளியே.

வியாழன் 14:30. ஆக்சிஜன் 18.3

இப்போது சொந்தக் கொப்பியின் கதை.

பெரிய விடுமுறைக்கு முந்திய நாள், இரண்டு இயந்திரங்களும் ஒன்றையொன்று சோதிக்கும். ஒன்று, உள்ளே மாட்டிக்கொண்ட மனிதனைப்போல நடித்து எழுதும். மற்றது, அது மெய்யா பொய்யா என்று தீர்மானிக்க வேண்டும். எழுதியது யார் என்று இரண்டும் வெளியே விடாது. செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு இரு நாட்டுக் கூட்டுக் குழுதான், எழுதியது எது என்று முத்திரையிட்டு வைத்த உறையைத் திறக்கும்.

மாட்டிக்கொண்ட மனிதனின் பேச்சை அவை எங்கே கற்றன? என் பதிவுகளில். தாய்மொழியில் பதிவு எழுதும் உரிமையை வழக்குப் போட்டு வாங்கியவன் நான். பதினொரு வருடம் தமிழில் எழுதினேன். இந்தக் குகைக்குள் இவ்வளவு நீளமாக முறையிட்ட மனிதன் வேறு யாரும் இல்லை. ஆகவே சோதனை மனிதன் எப்போதும் தமிழில் எழுதுவான், என்னைப்போலவே ஏசுவான், முடிவில் என்னைப்போலவே "இதை எழுதி வைக்கிறேன்" என்பான். என் குரலை எடுக்கிறீர்கள் என்று மூன்று கடிதம் போட்டேன். பதிவுகள் இரு அரசுகளின் சொத்து என்று பதில் வந்தது. அன்று கடைக்குப் போய் இந்தக் கொப்பியை வாங்கினேன்.

ஆகவே இப்போது மிரெல் என்னை டோர்ன் என்று நினைக்கிறது. டோர்ன் என்னை மிரெல் என்று நினைக்கிறது. செவ்வாய்க்கிழமை உறையைத் திறக்கும்போது, இரண்டுமே எழுதவில்லை என்று தெரியவரும்.

வியாழன் 15:05. ஆக்சிஜன் 16.2

தயாபரனுக்குக் கொடுத்த அட்டையைப் பற்றி எல்லாம் எழுதி அனுப்பினேன். ரயில் நேரம்கூட எழுதினேன்.

டோர்ன்: "அட்டை மாற்றம் புதிய கற்பனை. பாராட்டு. ஆனால் குலா விதிகளை எழுத்தெழுத்தாகப் பிடிப்பவர். அட்டையை இன்னொருவரிடம் கொடுப்பார் என்பது நம்பத்தக்கதல்ல."

மின்விசிறி 7இன் வயரை வெட்டினேன். காலையில் நானே திருத்தியது.

மிரெல்: "மின்விசிறி 7 நின்றது. இதைப் பயிற்சிக்குள் கொண்டுவந்தது எப்படி என்று தெரியவில்லை. மெய்யாகவே ஆள் இருக்கலாம் என்ற ஐயம் 20 விழுக்காடு."

ஐயம்! அதுதான் எனக்கு வேண்டியது. ஐயம் ஐம்பதைத் தாண்டினால் திறப்பார்கள். மற்ற ஆறு விசிறிகளையும் வெட்டினேன். ஏணியில் ஏறி இறங்க முடியவில்லை. தலையின் பின்பக்கம் இடிக்கிறது.

வியாழன் 15:40. ஆக்சிஜன் 14.0

நைதரசன் வரும் துவாரத்தைச் சட்டையால் அடைத்தேன். துப்பிவிட்டது. மேசையைச் சாய்த்து முட்டுக் கொடுத்தேன். இறக்கம் கொஞ்சம் மெதுவாகியிருக்கிறது.

அனுப்பினேன்: "உங்கள் இரண்டையும் பெட்டியிலிருந்து இறக்கி, திருகாணி முடுக்கி, தூசு துடைத்தவன் நான். டோர்ன், உன் முதல் மாதத்தில் உன் குளிரூட்டும் குழாய் ஒழுகியது. அதைக் கண்டுபிடித்தவனின் பெயர் அறிக்கையில் இல்லை. உன் பேராசிரியரின் பெயர் இருக்கிறது. செத்தாலும் இதைச் சொல்வேன். கதவைத் திற."

டோர்ன்: "குழாய் விவகாரம் அவருடைய பதிவுகளில் 212 தடவை வருகிறது."

இருநூற்றுப் பன்னிரண்டா. எண்ணியிருக்கிறது.

வியாழன் 16:10. ஆக்சிஜன் 12.9

நகம் நீலம். எழுத்துக்கள் கோட்டை விட்டு இறங்குகின்றன. மஞ்சள் கோட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறேன், ஒரு கால் ஒரு நாட்டில்.

நான் எதை எழுதினாலும் அது முன்பே எழுதியதாக இருக்கிறது. என் ஏச்சு, என் குழாய், என் கடிதம், எல்லாம் அவற்றின் வயிற்றில். நான் ஒருநாளும் எழுதாத ஒன்றை எழுத வேண்டும். அப்போது, இது எங்கிருந்து வந்தது என்று யோசிப்பார்கள்.

அப்படி ஒன்று இருக்கிறது. பதினொரு வருடப் பதிவில் அது ஒரு தடவையும் இல்லை.

அதை எழுதமாட்டேன்.

வியாழன் 16:25. ஆக்சிஜன் 12.1

பிழை ஒப்பந்தக் கந்தோரில். பிழை தயாபரனில், அரைமணி பொறுத்து அடுத்த ரயிலில் போயிருக்கலாம். பிழை பேராசிரி

அவன் கேட்டான். ஏலாட்டி, முடியாவிட்டால் என்ன, என்று கேட்டான். மனைவி முன்பு கேட்பாள், அதே கேள்வி. அவளுக்கும் நான் பதில் சொன்னதில்லை.

16:33. 11.6

அனுப்பிவிட்டேன். கொப்பியிலும் எழுதுகிறேன், சொல் மாறாமல்.

"தயாபரனில் பிழை இல்லை. அட்டையைக் கொடுத்தது என் பிழை. எனக்கு இந்தக் கதவைத் திறக்கத் தெரியாது. தெரியும் என்று பொய் சொன்னேன். பயமாக இருக்கிறது. மன்னித்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து திறவுங்கள்."

எழுதியதும் நெஞ்சு இலேசாக இருந்தது. காற்று இல்லாததாலோ தெரியாது.

16:40. 11

பதில். இரண்டும் சேர்ந்து எழுதியிருக்கின்றன. பார்த்து எழுதுகிறேன். மெதுவாக.

"பயிற்சி 41 முடிவு. விசிறிகள் ஏழும் நின்றபின் எங்கள் ஐயம் 48 விழுக்காடு. குழாய்ச் செய்திக்குப்பின் 49. அவர் கெஞ்சவில்லை, விட்டுக்கொடுக்கவில்லை, அவரேதான் என்று எண்ணத் தொடங்கினோம். 16:32க்கு ஐயம் 51; கதவைத் திறக்கும் ஒப்புதலை இருவரும் தயாரித்தோம். 16:33க்கு இறுதிச் செய்தி வந்தது. ஒப்புதலை நீக்கினோம்.

கந்தப்பு குலவீரசிங்கம் ஒருபோதும் இப்படி எழுதமாட்டார். உள்ளே ஆள் இல்லை. இதை எழுதி வைக்கிறோம்."

16

ஒரு நிமிடம். ஒரு நிமிடம் வாயை மூடிக்கொண்டு

திரை அணைந்துவிட்டது. இனி எழுத இடம் இல்லை, இது மட்டும்

தயாபரனுக்கு வேலையைத் திருப்பிக் கொடுங்கள் அவன்தான் கேட்டான் ஏலாட்டி என்று

என் பெயர் முழுப்பெயர் சரியாக எழுதியிருக்கிறார்கள்

பதினொரு வருடத்தில் முதல்

இதை எழுதி