கேட்டின் மேல் வந்த பழி

மாராத்தாளுக்கு, மூணாறிலிருந்து குப்பண்ணன் சொல்ல, கேண்டீன் ரஜீனா எழுதுவது. நான் சுகம். உன் கண் எப்படி இருக்கிறது?

உன் கண் ஆபரேஷனுக்கு வர நான் கேட்ட லீவு, கம்பெனிக் கம்ப்யூட்டருக்குள் மாட்டிக்கொண்டது. அந்தக் கம்ப்யூட்டரைப் பாலக்காட்டு ஆபீசிலிருந்து இங்கே மாற்றினார்கள். வாட்ச்மேன் நான் கேட்டைத் திறந்துவைத்து நின்றேன், வண்டியே வரவில்லை. உடம்பில்லாத கம்ப்யூட்டராம், கம்பி வழியாகவே வந்துவிட்டதாம்! வந்தும் யாரோடும் பேசவில்லை.

நெட்வொர்க் பார்க்கும் சந்துரு, "கேட்வேதான் தப்பு, அதான் வெளிய போக மாட்டேங்குது" என்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏனுங்க தம்பி, நான் கேட்டை உட்டு நகரவே இல்லீங்க. எதை மறிச்சேன்னு சொல்றீங்க?" என்றேன். ஆபீசே சிரித்தது.

"உங்க கேட்டு இல்ல பெரியவரே, கம்ப்யூட்டர் வெளிய பேசப் போற வாசல். அது இங்க வந்தும் பாலக்காட்டு வாசலையே தேடுது" என்றான். தேடாதா பின்னே? வாசலை மாற்றிக் கொடுத்ததும் பேசியது, லீவும் வந்தது.

துணைக்கு மகன் போதும், நான் அலைய வேண்டாம் என்று சொல்லியனுப்பினாயாம். அவன் பிறந்தபோது சித்தூர் ஆசுபத்திரிக்கு வெளியே மழையில் நின்றவன் நான், இதற்கும் நிற்பேன். ஆசுபத்திரியில் விரிக்க என் கம்பளியை வெயிலில் போட்டு வை. ரஜீனாவை அடுப்பு கூப்பிடுகிறது. புதன்கிழமை வருகிறேன்.