செங்களிம்பை நிறுத்தும் ஆணை

மழை தவறாத ஏழு மலைகளுக்கும் அவற்றின் அடிவாரத்து வயல்களுக்கும் உரியவராய் நெடுவரை நாட்டின் அரியணையில் வீற்றிருக்கும் அரசி பொறைமாதேவியாரின் திருவுளப்படி, தலைமை அமைச்சன் பெருஞ்சாத்தன் எழுதுவது. பொன்னூற்றூர் அரண்மனை மருத்துவசாலையை ஆளும் அறவாழிப் பண்டிதர் காண்க. உமக்கும், உம் மாணாக்கர்க்கும், உம் மருந்தை நம்பிக் கிடக்கும் நோயாளர் அனைவர்க்கும் நலம் பெருகுக. இவ்வாழ்த்தில் நோயாளரைக் கடைசியில் வைத்தது வழக்கம் பற்றியே. என் மனத்தில் அவர்களே முதலில் நிற்கிறார்கள்.

நான் இப்போது கருங்கணவாய்க் கோட்டையில் இருக்கிறேன். எல்லைப் போரில் வெட்டுப்பட்ட இருபத்திரண்டு வீரர் இரண்டு திங்களாகியும் எழவில்லை என்று கோட்டைத் தலைவர் முறையிட, உம்மிடம் இருமுறை கேட்டேன். இருமுறையும் புண் ஆறிவருவதாகவே எழுதினீர். நேரில் வந்து கட்டுகளை அவிழ்க்கச் சொல்லிப் பார்த்தேன். பெரும்பாலோர் புண்கள் சீழ் கோக்கவும் இல்லை, மூடவும் இல்லை. நேற்று வெட்டியவை போல வாய் திறந்து கிடந்தன. தொடையில் வெட்டுண்ட மழவன் என்னும் வீரன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எதிரி ஒரு தடவதான் வெட்டினான், ஐயா. இந்தச் செவப்புப் பூச்சு தெனமும் வெட்டுது" என்றான். அந்தப் பூச்சாகிய உம் செங்களிம்பைப் பூச வேண்டும் என்ற ஆணையில் இருந்தது என் முத்திரை.

கோட்டை மருத்துவர் கொற்றியார் இதைப் பற்றி உமக்கு மூன்று ஓலைகள் விடுத்திருக்கிறார். முதல் ஓலைக்குச் செங்களிம்பு பெருமைக்குரியது என்று எழுதினீர். இரண்டாவதற்குப் பன்னிரண்டு சாடி களிம்பை அனுப்பினீர். மூன்றாவதற்கு அவரைப் பணிநீக்கும் ஆணையை என்னிடம் நீட்டினீர். நானும் வேலை மிகுதியில் படிக்காமல் முத்திரையிட்டேன். அம்மூன்று ஓலைகளின் படிகளையும் அவரிடம் வாங்கி நேற்றுத்தான் முழுதாகப் படித்தேன். படிக்கப் படிக்க உம்மீது வந்த சினத்தில் பாதி என்மீதே திரும்பியது.

அவர் எழுதியது இதுதான். நம் உடல் உயிரணுக்கள் என்னும் கண்ணுக்கு எட்டாத சிற்றுயிர்த் துளிகளால் ஆனது. தோல் கிழிந்தால் கிழிசலின் ஓரத்து அணுக்கள் ஊர்ந்து வந்து அவ்விடத்தை மூடுகின்றன. தவளைக் குஞ்சின் வால் கண்ணாடிபோல் தெளிவானது ஆகையால், அதில் சிறு கீறல் இட்டு, நுண்பொருளைப் பெரிதாக்கிக் காட்டும் தம் பளிங்கு ஆடியின் கீழ் வைத்து எனக்கும் காட்டினார். ஓரத்து அணு ஒன்று மெல்லிய பாதம்போல் ஒரு விளிம்பை முன்னே நீட்டியது, அதைக் கீழே ஒட்டவைத்தது, பின்னுடலை இழுத்துக்கொண்டது, மறுபடி நீட்டியது. நெருங்கிப் பின்னிய தசைநார்களுக்கு இடையே இப்படி நுழைந்து செல்ல, பற்றிக்கொள்ளும் பிடிகளும், இழுக்கும் இழைகளும், வழியை அறுத்துத் திறக்கும் சாறும் அதற்கு வேண்டும். இவை எல்லாம் புரதம் என்று அவர் அழைக்கும் பொருளால் ஆனவை. பழையவை தேயத் தேய அணு தனக்குள்ளேயே புதியவற்றைச் செய்துகொண்டே நகர்கிறது. சாயமிட்டுப் பார்த்தால், அப்பொருளைச் செய்யும் நுண்மணிகள் முன்னே நீளும் பாதத்தின் அருகிலும் திரண்டிருக்கின்றன. அங்கே தேவைப்படுவது அங்கேயே உருவாகிறது என்பது அவர் கருத்து.

பின்பு வேறொரு கிண்ணத்தில், செங்களிம்பைக் கடுகளவு கரைத்த நீரில் கீறல்பட்ட வாலை வைத்துக் காட்டினார். அணுக்கள் உயிரோடு இருந்தன, நகரவில்லை. வெகுநேரம் குனிந்து பார்த்தேன், கழுத்து வலித்ததே தவிர ஓர் அணுவும் அசையவில்லை. அவர் சொன்னார்: "சாகல, ஐயா. புதுசா எதையும் செஞ்சுக்க முடியாம நிக்குது."

களிம்புக்கு நிறம் தர மூன்றாண்டுக்கு முன் குன்றிமணியைச் செந்தோலோடு அரைத்துச் சேர்க்கத் தொடங்கியவர் நீர். அதன் பருப்பிலுள்ள நஞ்சு புரதம் செய்யும் தொழிலையே நிறுத்திவிடுகிறது. அளவு குறைவாதலால் அணு சாகாமல் நின்றுவிட்டது. நஞ்சென்று யாருக்கும் தோன்றவில்லை.

கொற்றியார் எட்டுப் பேருக்குக் களிம்பை நிறுத்தி, புண்ணைக் காய்ச்சி ஆறவைத்த நீரால் கழுவி, வெறும் தேனிட்டுக் கட்டினார். இருபது நாளில் எட்டும் மூடின. மற்றப் பதினான்கு பேரையும் அப்படியே கட்டப் போனபோது, உம் கண்காணிப்பாளர் பணிநீக்க ஆணையைக் காட்டி அவரை மருத்துவக் கொட்டிலுக்கு வெளியே நிறுத்தினார். அதன்பின் கழிந்த பதினாறு நாளில், திறந்தே கிடந்த புண் வழியாக நச்சுச் சுரம் ஏறி அப்பதினால்வரில் மூவர் இறந்தனர். அப்பதினாறு நாளும் அவர் கொட்டிலின் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார் என்று காவலர் கூறினர். ஏன் ஊருக்குப் போகவில்லை என்று நான் வினவியதற்கு, கட்டு மாற்றத் தம்மை எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம் அல்லவா என்று மட்டும் சொன்னார்.

இனி ஆணை. எல்லாக் கோட்டைகளிலும் செங்களிம்பு இந்நாளோடு நிற்க. சாடிகள் கிணறும் ஓடையும் இல்லாத மேட்டில் ஆழப் புதைக்கப்படுக. கொற்றியார் தம் பணிக்கு இன்றே மீண்டார். மிஞ்சிய பதினொருவர் அவர் பொறுப்பில் இருக்கின்றனர், மழவன் உட்பட. சோதனைக்கு அனுப்பும் சிறு அளவு தவிர, அவருடைய பளிங்கு ஆடியில் சோதிக்கப்படாத உம் களிம்பு எதுவும் தலைநகரை விட்டு வெளியேறலாகாது. இறந்த மூவர் வீட்டுக்கும் நீர் நேரில் சென்று, போரில் பட்ட வெட்டு அவர்களைக் கொல்லவில்லை என்பதைச் சொல்லக் கடவீர். முத்திரையிட்ட குற்றத்துக்கு நானும் உம்மோடு வருவேன். தனியாகப் போய் என்னைக் காப்பாற்ற முயலாதீர்.

ஆராய்ந்து முடிவு சொல்லக் காலம் வேண்டும் என்று நீர் எழுதுவீர் என்பதை அறிவேன். ஆகவே இவ்வோலையைக் குதிரைத் தூதனிடம் தரவில்லை. கொற்றியார் கட்டிய எண்மரில் ஒருவன், முழங்காலுக்குக் கீழே எலும்பு தெரிய வெட்டுண்டவன், நான்கு நாள் வழியைத் தன் காலால் நடந்து இதைக் கொண்டுவருகிறான். அவனை உட்காரச் சொல்லும், தண்ணீர் கொடும், அந்தக் காலை உம் கையால் தொட்டுப் பாரும். அதன்பின் எழுதுவதற்கு ஏதேனும் இருந்தால் எழுதும்.

பொறைமாதேவியார் ஆட்சியாண்டு ஒன்பது, ஆவணித் திங்கள் பதினான்காம் நாள், கருங்கணவாய்க் கோட்டையில் முழுதும் படித்தபின் முத்திரையிட்டேன்.

பெருஞ்சாத்தன்