அடியில் ஓடிய வரி

ஜனவரி 20, 2025

இன்று பட்டறையில் ஷூட்டிங். ஃபேனை நிறுத்து, ரேடியோவை நிறுத்து, பக்கத்துப் பட்டறைக்காரனிடம் போய் மிஷினை நிறுத்தச் சொல்லு. எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, வழக்கம்போல வேலை பாருங்கள் என்கிறார்கள். தாராவியில் என்றைக்கு இவ்வளவு அமைதியாக வேலை நடந்திருக்கிறது?

'ஏக் தின், ஏக் காம்' என்று இந்திச் சேனலில் ஞாயிறுதோறும் வருகிற தொடர். வாரம் ஒரு தொழில், அதைச் செய்கிறவர்களின் ஒரு நாள். எங்கள் தோல் பைப் பட்டறையை யாரோ சொல்லிவிட்டிருக்கிறார்கள். மீரான் கேமராவைக் கண்டதும் கட்டிய மனைவியை மாட்டிவிட்டு மார்க்கெட்டுக்குக் கிளம்பிவிட்டார். ஆகவே பேசியதெல்லாம் நான்தான். வாய்க்குக் கேட்கவா வேண்டும்.

ஷூட்டிங்குக்கு வந்தவர்களில் நகுல் என்ற செம்பூர்க்காரருக்குத் தமிழ் தெரியும். "ஆன்ட்டி, நீங்க தமிழ்லயே பேசுங்க, அப்பதான் நேச்சுரலா இருக்கும். கீழ ஹிந்தி நான் போட்டுடறேன்" என்றார்.

தோல் வெட்டிக்கொண்டிருந்த இஜாஸைக் காட்டி, இவரைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார்கள்.

"இந்தக் களவாணிப்பயலா? வந்த நாள்லருந்து எங்க வீட்டுல கை நனைக்காம ஒரு நாளும் போனதில்ல."

இஜாஸ் நிமிராமலே சிரித்தான். "நீங்க மீன் கொழம்பு வச்சா நான் என்ன செய்ய ராத்தா?"

ஜனவரி 21

முதுகு உடைகிறது. ஒரே பைக்கு மூன்று தடவை ஜிப் தைத்தேன், மூன்று பக்கம் நின்று எடுக்க.

பிப்ரவரி 16

எங்களைப் போட்டுவிட்டார்கள். வீட்டில் நிற்க இடமில்லை. இஜாஸ் டிவிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து மறைத்துக்கொண்டிருந்தான், முதுகில் ஒன்று வைத்தேன். களவாணி என்று நான் சொல்கிற இடத்தில் எல்லாரும் சிரித்தோம். அடியில் இந்தி ஓடியது. யார் அதைப் படித்தார்கள்? படிக்க என்ன இருக்கிறது, நாம் பேசியதுதானே.

என் மூக்கு இவ்வளவு பெரிதா?

பிப்ரவரி 18

"ராத்தா, அடியில ஹிந்தியில தப்பா போட்டிருக்காங்க" என்று இஜாஸ் போனை நீட்டினான். நிகழ்ச்சியை நெட்டிலும் ஏற்றியிருக்கிறார்கள். படித்தும் காட்டினான். 'யே சோர் ஹமாரே கர் ஸே கபி ஹாத் ஸாஃப் கியே பினா நஹீ கயா.'

கை நனைத்ததை நகுல் கையைச் சுத்தம் பண்ணியதாக ஆக்கிவிட்டார். இந்தியில் ஹாத் ஸாஃப் பண்ணுவதென்றால் திருடுவது. ஆக, இந்தத் திருடன் எதையாவது சுருட்டாமல் எங்கள் வீட்டை விட்டுப் போனதில்லை என்று நான் சொல்கிறேன். சிரித்த முகமாக.

எனக்கு மறுபடி சிரிப்புதான் வந்தது. அவன் சிரிக்கவில்லை.

"ரயீஸ் பாய் வீட்டுல பாத்திருப்பாங்க. நகுல்ட்ட பேசி மாத்தச் சொல்லுங்க ராத்தா."

ரயீஸ் பாய் குர்லாவில் இருக்கிறார். அவர் மகள் ஷைஸ்தாவைத்தான் இஜாஸுக்குப் பேசியிருக்கிறது. பெருநாள் கழித்து நிக்காஹ். அவர்கள் உருதுக்காரர்கள், தமிழ் ஒரு எழுத்து புரியாது.

"சொல்லுதேன்ல. போய் வேலையப் பாரு."

பிப்ரவரி 19

நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு வாஷியிலிருந்து ஒரு கடைக்காரர் வந்தார். என்னோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். பைகளும் கேட்டிருக்கிறார்.

நகுலுக்கு நாளை பேச வேண்டும்.

பிப்ரவரி 20

இன்றும் பேசவில்லை. மறந்தேன் என்று இங்கேயும் எழுதினால் யாரை ஏமாற்றுகிறேன்? போன் கையில்தான் இருந்தது. மாற்றச் சொன்னால் நிகழ்ச்சியையே எடுத்துவிடுவார்களோ என்று யோசித்தேன். இன்னும் நாலு பேர் பார்க்கட்டுமே என்று. ஆசை.

பிப்ரவரி 22

நிக்காஹ் இல்லையாம்.

இஜாஸ் வாசலில் நின்றே சொன்னான். உள்ளே வாடா என்றேன், வரவில்லை. ரயீஸ் பாய் போனில் சொல்லி வைத்துவிட்டாராம். தன் உறவுக்காரர்கள் இருந்த அறையிலேயே அந்தத் துண்டை நாலு தடவை ஓட்டிப் பார்த்தார்களாம்.

என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் தேவலை. ஏசுடா, உனக்கும் வாய் இருக்குல்லா—

பிப்ரவரி 23

நகுலைப் பிடித்துவிட்டேன். விஷயத்தைக் கேட்டுவிட்டு அந்த இடத்தை ஓட்டிப் பார்த்தார். பிறகு, "முன்னாடி களவாணின்னு சொன்னீங்களா ஆன்ட்டி, அதனால அடுத்ததும் அந்த மீனிங்தான்னு நெனச்சுட்டேன். எங்க வீட்ல கை நனைக்கறதுன்னு சொல்ல மாட்டோம்" என்றார்.

சாப்பிடுவதுதான் என்று சொன்னேன். ஒரு வீட்டோடு மனஸ்தாபம் என்றால் அங்கே கை நனைக்க மாட்டோம். பிரியம் இருந்தால் நனைக்காமல் விட மாட்டோம். அவ்வளவுதான் அதன் அர்த்தம் என்று. அவர் அழுதுவிடுவார் போலிருந்தது. மாற்றித் தருகிறேன் என்றார். திட்டத்தான் போன் போட்டேன், திட்ட முடியவில்லை. முதல் வார்த்தை என்னுடையது.

பிப்ரவரி 25

நானும் மீரானும் குர்லா போனோம். ரயீஸ் பாய் மரியாதையாக உட்கார வைத்தார். என் பம்பாய் இந்தியில் எல்லாம் சொன்னேன். கை நனைப்பதென்றால் சாப்பிடுவது, அவன் எங்கள் வீட்டுப் பிள்ளை மாதிரி, பட்டறைச் சாவியே அவன் கையில்தான் என்று. பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"அதெல்லாம் சரி பெஹன்ஜி. சோர் என்று சொன்னீர்களா, இல்லையா?"

சொன்னேன்தான். களவாணி என்றால் சோர்தான். செல்லமாகச் சொல்வோம் என்றேன். அதை இந்தியில் சொல்லும்போது எனக்கே கேவலமாக இருந்தது.

"நீங்கள் நல்லவர், நம்புகிறேன். ஆனால் வேலை கொடுத்தவரே டிவியில் சொன்னதை நான் எத்தனை வீட்டுக்குப் போய்ச் செல்லம் என்று விளக்குவேன்? பெண்ணைப் பெற்றவன்."

கதவுக்குப் பின்னால் அந்தப் பெண் நின்றிருந்தாள் என்று நினைக்கிறேன். வளையல் சத்தம் கேட்டது.

18ஆம் தேதியே போயிருந்தால்? அவர் உறவுக்காரர்கள் பார்ப்பதற்கு முன்னால் போயிருந்தால், அவர் ஒருவரிடம் மட்டும் விளக்கினால் போதுமாக இருந்திருக்கும்.

மார்ச் 4

நோன்பு திறக்க இஜாஸ் வந்தான். அவனுக்கென்று வடை கூடப் போட்டிருந்தேன். கஞ்சியைக் குடித்துவிட்டுச் சொன்னான்.

"வாஷியில ஒரு பட்டறையில கூப்பிடுதாங்க ராத்தா. போகலாம்னு இருக்கேன்."

"என் மேல கோவமால?"

"கோவமில்ல. இங்க இருந்தா என்னப் பாக்கும்போதெல்லாம் உங்க மூஞ்சி வாடுது. எனக்கு அதப் பாக்க முடியல."

மீரான் எவ்வளவோ சொன்னார். இருடா என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

மார்ச் 12

வரியை மாற்றிவிட்டார்கள். இப்போது 'கானா காயே பினா' என்று இருக்கிறது, சாப்பிடாமல் என்று. சோர் இருந்த இடத்தில் 'யே லட்கா', இந்தப் பையன் என்று. ரயீஸ் பாய்க்கு அனுப்பினேன். பார்த்துவிட்டார், பதில் இல்லை.

மார்ச் 31

பெருநாள். இஜாஸ் போனில் சலாம் சொன்னான். பிரியாணி மிஞ்சிவிட்டது.

ஜூன் 15

ஷைஸ்தாவுக்கு பிவண்டியில் கல்யாணம் முடிந்ததாம். மீரான் சொன்னார். நல்லா இருக்கட்டும்.

புது வெட்டுக்காரர் அல்தாப் நன்றாக வேலை செய்கிறார். அல்தாப் பாய் என்றுதான் கூப்பிடுகிறேன். பட்டறையில் இப்போது ரேடியோ மட்டும்தான் பேசுகிறது.

நவம்பர் 9

இஜாஸ் அழைப்பிதழ் கொண்டுவந்தான். மும்ப்ராவில் பெண். அதுவும் உருதுக்காரர்கள்தான். பெண்ணின் அண்ணனையும் கூட்டி வந்திருந்தான். எங்களைப் பார்க்க வேண்டும் என்று அந்த அண்ணனே கேட்டாராம். எதற்கென்று எனக்குத் தெரியாதா?

சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்றேன். மீன் குழம்புதான் இருந்தது. பரிமாறிக்கொண்டே அந்த அண்ணனிடம் சொன்னேன், இஜாஸ் பாய் மிகவும் நேர்மையானவர், ஒரு ஆணியைக்கூடக் கேட்காமல் எடுக்க மாட்டார் என்று. இரண்டாவது தடவையும் சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டார். இஜாஸ் தட்டை விட்டு நிமிரவில்லை.

"அவுர் தோடா லீஜியே, இஜாஸ் பாய்" என்றேன், இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்ளுங்கள் என்று.

"பஸ், ஆபா. பஹுத் ஹோ கயா" என்றான், போதும் அக்கா, நிறைய ஆயிற்று என்று.

நானும் அவனும் ஒருவரோடு ஒருவர் இந்தியில் பேசிக்கொண்டது இன்றுதான் முதல் தடவை.