மூன்று தரம் செத்த சிப்பாய்

பஸ்ரா மண்ணுக்குள் கிடக்கும் என் கூடப்பிறப்பே, மாடசாமி அண்ணே,

போன வாரம் ஏரலில் உன்னை நாடகமாகப் போட்டார்கள். ஆர்மோனியம் வாசித்தது நான்தான். வயிற்றுப்பாடு, வேறு என்ன செய்ய?

நம் வீட்டு மூன்று தலைமுறையையும் நாடகம் எழுதின வாத்தியார் மேடையேற்றிவிட்டார். பர்மாவுக்குப் போன தாத்தா, சீனத்துக்குப் போன அப்பா, கடைசியில் நீ. தாத்தா பஞ்சத்தில் கஞ்சிக்கு வழியில்லாமல் பட்டாளத்தில் சேர்ந்தவர். நாடகத்தில் ராஜவிசுவாசம் பொங்கிச் சேருகிறார். அப்பா காய்ச்சலோடு திரும்பி வந்து பாயில் செத்தது நமக்குத் தெரியும். மேடையில் அவருக்கும் ஒரு வாள் கொடுத்திருந்தார்கள்.

உன் சாவுக்கு மட்டும் வாத்தியாரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. உன் கூட்டாளி எழுதின காயிதம் வந்த அன்று, நீ சீதபேதியில் செத்தாய் என்று ஆத்தாளுக்கு வாசிக்க எனக்கு நாக்கு எழவில்லை. கொடியைப் பிடித்தபடி குண்டடி பட்டு விழுந்தான் என்று வாசித்துவிட்டேன். அவள் ஊரெல்லாம் சொன்னாள். அதைத்தான் அவர் எடுத்துக்கொண்டார். ஒத்திகையில் உண்மையைச் சொன்னேன்.

"பேதியில செத்தவனுக்கு எந்த ராகத்துல வே பாட்டு எழுத?" என்றார்.

உன் வேஷக்காரன் குண்டடி பட்டு, படுத்துக்கொண்டே முகாரி பாடிச் செத்தான். சனம் 'ஒன்ஸ்மோர்' என்று கத்தியது. நம் ஊர் வழக்கம்தான் உனக்குத் தெரியுமே. எழுந்தான், பாடினான், மறுபடி செத்தான். மூன்றாம் தரமும் கேட்டார்கள். பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கத்தில் ஆத்தா எழுந்து நின்றாள்.

"எந்திரிக்காத ராசா. எந்திரிச்சா திரும்பவும் கொல்லுவானுவ."

கொட்டகை சிரித்தது, அண்ணே. அப்போதும் நான் வாசித்துக்கொண்டுதான் இருந்தேன்.

மேடைக்குப் பக்கத்திலேயே பட்டாளத்துக்கு ஆள் சேர்க்கிற ஹவில்தார் மேசை போட்டிருந்தார். மங்களம் பாடி முடிப்பதற்குள் நம் கடைக்குட்டி இசக்கி அங்கே போய்ப் பேர் கொடுத்துவிட்டான். மறுநாள் ஆற்றங்கரையில் அவனை நிறுத்தி உன் கூட்டாளி எழுதின அந்தக் காயிதத்தைக் கையில் கொடுத்தேன். எழுத்துக்கூட்டிப் படித்தான்.

"அப்போ நம்ம வீட்டுல ஒருத்தனும் சண்டையில சாகலையா?"

"இல்லலே. போகாத."

"ஊரு நம்பிக்கிட்டு இருக்குல்லா. நான் போயாவது அத மெய்யாக்குதேன்" என்றான்.

வெள்ளிக்கிழமை திருநெல்வேலியில் ரயிலேறிவிட்டான். பொய்யைக் கேட்டுப் போக நினைத்தான், மெய்யைக் கேட்டுப் போயே விட்டான். நான் எதைத்தான் சொல்லியிருக்க வேண்டும்? உனக்காவது தெரியுமா?

தபால்காரர் வருகிற நேரத்துக்கு ஆத்தா தெருவில் நிற்க ஆரம்பித்துவிட்டாள். உன் மேல் ஆணையாகச் சொல்கிறேன். இசக்கியைப் பற்றி எந்தக் காயிதம் வந்தாலும், இருக்கிறதை இருக்கிறபடியே அவளுக்கு வாசிப்பேன். பேதி என்றிருந்தால் பேதி என்றே வாசிப்பேன்.

உன் கையில் இல்லாத கொடியைக் கொடுத்த தம்பி,
சுப்பையா